ராக்கெட்டு ஒற்றைக் காலில் நின்ற கதை

ராக்கெட்டு அளவுக்கு மெதுவாக அசைந்த மனிதரை இந்தப் பூமியில் நான் பார்த்ததில்லை. இடுப்பிலிருந்த கையை அவர் நெஞ்சுக்கு உயர்த்தி முடிப்பதற்குள், எங்கள் அருப்புக்கோட்டையில் ஒரு ஆள் டீ சொல்லி, அது வந்து, ஆற்றிக் குடித்து, சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரோடு சண்டையும் போட்டுவிடலாம். இப்படிப்பட்டவருக்கு ராக்கெட்டு என்று பெயர் வைத்த அறிவாளி யார் என்று கேட்பீர்கள். நாங்கள்தான். வைத்த காலத்தில் அந்தப் பெயர் அவருக்குப் போதவில்லை என்பதுதான் எங்கள் குறையாக இருந்தது.

அவர் தனியார் பஸ் டிரைவர். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். அருப்புக்கோட்டையில் கிளம்பி, திருச்சுழி வழியாக வீரசோழன் போய்த் திரும்புகிற வண்டி. அவர் வீட்டில் பேசுவது கன்னடம், வெளியில் தமிழ், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் இரண்டு மொழிக்காரர்களும் காதைப் பொத்திக்கொள்கிற வேறொரு பாஷை.

எங்கள் பஸ் எந்த நிறுத்தத்திலும் முழுதாக நின்றதில்லை. நிற்பது போல ஒரு பாவனை செய்யும். அதற்குள் ஏறுகிறவர்கள் ஏறிவிட வேண்டும். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் பஸ்ஸோடு ஓடி வர வேண்டும். ஒருநாள் பரளச்சி ஊர்க்காரப் பெண் ஒருத்தி மாமியாரோடு ஏறினாள். அதாவது, அவள் ஏறினாள்.

"ஐயையோ, எங்க அத்தை கீழ நிக்கிதே!" என்று அலறினாள்.

ராக்கெட்டு கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். "அழுகாதம்மா. அடுத்த ட்ரிப்புல அள்ளிக்கிடுவோம்."

சொன்னபடி அடுத்த ட்ரிப்பில் அள்ளிக்கொண்டார். வாக்குத் தவறினார் என்று யாரும் சொல்ல முடியாது.

பஸ்ஸில் மட்டும் இந்த வேகம் என்றால் போகட்டும். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடிப்பார். இட்லியை மெல்லுவதை நேர விரயம் என்று நினைத்தார். அவருடைய கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று ஒருவர் கையைத் தூக்குவதற்குள் தாலியைக் கட்டி முடித்துவிட்டாராம். மேளக்காரர்கள் ஏற்கெனவே கட்டியாகிவிட்ட தாலிக்கு மேளம் கொட்டினார்கள். இதைச் சொன்னவர் அவருடைய மனைவி, எங்கள் சரோஜா மதினி. "இன்னைக்கி வரைக்கும் எனக்குக் கல்யாணம் ஆனது எந்த நிமிசம்னு தெரியாது தம்பி" என்பார்.

கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனதும் ராக்கெட்டு வேலையை விட்டார். அந்த வழித்தடத்துக் கோழிகள் அன்றுதான் நிம்மதியாகச் சாலையைக் கடந்திருக்கும். பிறகு மகளின் பிரசவத்துக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சிங்கப்பூர் போனார்கள். அங்கே மகளின் அடுக்குமாடிக்குக் கீழே தினமும் காலையில் வயசான சீனர்கள் கூடி, சத்தமே இல்லாமல், காற்றைத் தடவிக் கொடுப்பது போலக் கையையும் காலையும் நகர்த்துவார்களாம். தாய் சி என்று பெயர். ராக்கெட்டு முதல் நாள் போய்ப் பார்த்தார்.

"இதென்ன, டீசல் தீந்துபோன வண்டி மாதிரி! எம்புட்டு நேரமாப் பாக்குறேன், இன்னும் ஸ்டாண்டை விட்டே கெளம்பல" என்று சொல்லிவிட்டு மேலே போய்த் தூங்கிவிட்டார். மறுநாளிலிருந்து போகவே இல்லை.

மதினி தினமும் போனார். பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சீனத்து அம்மா இவரைக் கைகாட்டிக் கூப்பிட, உட்கார்ந்த இடத்திலேயே இவரும் கையை மட்டும் அசைத்தார். ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. அதனாலேயே சண்டை வராத சிநேகம். ஊருக்கு வந்த பிறகும் பார்க்கிறவர்களிடமெல்லாம் மதினி அந்த மஞ்சள் சட்டை அம்மாவைப் பற்றித்தான் பேசுவார். "அவுகளுக்கு எங்க மாமியா வயசு இருக்கும். ஒத்தக் காலைத் தூக்கி வைக்கிறாக பாருங்க, பூனை நடக்குற மாதிரி இருக்கும்."

அப்படிப் பேசிய மதினி ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தார், கட்டிலில் படுத்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்தாள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்கத்தான் வேண்டும் என்றாள்.

"விழுந்துருவேன்" என்றார் மதினி.

"பிடிச்சுக்கிடுறேன்மா."

"நீ பிடிப்ப. நான் விழுந்துருவேன்."

வெளியே வந்து அந்தப் பெண் ராக்கெட்டிடம் சொன்னாள்: "வலி இல்ல சார், பயம். இப்படியே படுத்திருந்தாங்கன்னா கால் சதை வத்திரும். அப்புறம் நடக்கணும்னு அவங்களே ஆசைப்பட்டாலும் முடியாது." நடப்பதற்காக வாங்கிக் கொடுத்த நாலு கால் வாக்கரில் ராக்கெட்டு துண்டைக் காயப்போட ஆரம்பித்தார். அதைப் பார்த்த அன்று அந்த வீட்டில் கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக வேகத்தால் ஆகாத காரியம் ஒன்று ராக்கெட்டுக்கு வந்து வாய்த்தது. கெஞ்சினார், அதட்டினார், சம்பந்திகளை வரவழைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"ஏலே, அந்தச் சைனா ஆட்டத்தை நான் படிக்கப் போறேன்."

"நீங்களா? எதுக்குண்ணே?"

"விழாம இருக்கத்தான் அங்க வயசாளுக அதைச் செய்யிறாகளாம். மக சொல்லுது. கால்ல பலம் வருமாம், தள்ளாட்டம் நிக்குமாம், மூச்சு சீராகுமாம், தூக்கம் வருமாம். உங்க மதினிக்குப் பிடிச்ச ஒரே வித்தை அதுதான். நான் நல்லாப் பழகி அவளுக்குச் சொல்லிக் குடுக்குறேன்."

"வீடியோவைப் போட்டுப் பாத்துப் பழகுங்க."

"வேணாம்லே. பதிஞ்ச வீடியோன்னா நான் வேகமா ஓட்டிவிட்டுப் பாத்துருவேன். என்னய எனக்குத் தெரியாதா?"

ஆகவே நேரலை. மகள் வேலைக்குப் போகும்முன் கீழே இறங்கி, மஞ்சள் சட்டை அம்மா செய்வதைச் செல்போனில் காட்டுவாள். இங்கே ராக்கெட்டு அதைப் பார்த்துச் செய்வார். முதல் நாள் மொட்டை மாடியில் செய்தார். எதிர் வீட்டுத் தறிக்காரர் பார்த்துவிட்டு, பக்கவாதம் என்று நினைத்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறி வந்தபோது ராக்கெட்டு பாதியில் நிறுத்தக் கூடாது என்று கையை இறக்காமலே இருந்தார். அவர்கள் அதையும் நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். சமாதானம் சொல்லி அனுப்பி வைப்பதற்குள் தெருவே மாடிக்கு வந்துவிட்டது.

அதன்பிறகு இடத்தை மாற்றினோம். மாற்றினோம் என்று சொல்வதற்குக் காரணம், அதற்குள் என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தார். திருச்சுழி ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் ஒரு கண்மாய். தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கும், முக்கியமாகக் கருவேல முள். விடிகாலையில் மொபெட்டில் அங்கே போவோம். அங்கே சிக்னல் கிடைக்காது. தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கிடைக்கும். எனவே செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. டிக்கெட் கிழித்த கைக்கு ஓய்வு காலத்தில் இப்படி ஒரு உத்தியோகம்.

திரை அவர் பக்கம். எனக்குத் தெரிவது செல்போனின் முதுகும் ராக்கெட்டின் முகமும்தான். அவர் மெதுவாகக் கையை உயர்த்துவார். ஒரு காலை எடுப்பார். அப்படியே நின்றுவிடுவார். ஒற்றைக் காலில், கண் இமைக்காமல், கொக்கு மாதிரி. வெகு நேரம் கழித்துத் திடீரென்று ஒரு குதி குதித்து முற்றிலும் வேறொரு கோலத்துக்குப் போய்விடுவார். மறுபடி சிலை. இதுதான் சீனக் கலை போலிருக்கிறது என்று நானும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் போய்ப் படம் உறைந்தால் இவரும் உறைகிறார், சிக்னல் திரும்பியதும் அந்த அம்மா எங்கேயோ போயிருப்பதைப் பார்த்து இவரும் தாவிப் போய்ச் சேர்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. படம் நிற்பதையும் பாடத்தில் ஒரு பகுதி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் உடம்பு தேறியது. ஒற்றைக் காலில் அவ்வளவு நேரம் நின்றால் தேறாமல் என்ன செய்யும்? முழங்கால் வலி குறைந்தது என்றார். படுத்தால் விடியும்வரை தூங்கினார். இட்லியை மென்று தின்றார். இதைக் கண்ணால் காணும்வரை எனக்கே நம்பிக்கை வரவில்லை. பிரஷர் மாத்திரை இனி எதற்கு என்று தானாகவே நிறுத்தி, தலை சுற்றி உட்கார்ந்தார். டாக்டர் விட்ட டோஸில் திரும்பப் போட ஆரம்பித்தார். "நல்ல பயிற்சிதான்யா, செய்யி. மாத்திரையையும் போடு. ரெண்டுக்கும் சண்டை இல்ல" என்றார் டாக்டர்.

மதினி மட்டும் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். "கண்மாய்க்குப் போறேன், உனக்காகத்தான் படிக்கிறேன்" என்று ராக்கெட்டு சொன்னால், "சரி" என்பார்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லாத ஒரு காலையில் கண்மாய்க்கு நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக வந்தார்கள். காக்கிக் கால்சட்டையும் பனியனும் போட்ட ஒரு மனிதர் உதிக்கிற சூரியனைப் பார்த்து ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கிறார். திடீரென்று குதிக்கிறார். மறுபடி நிற்கிறார். பக்கத்தில் இன்னொரு ஆள் எதையோ தலைக்கு மேல் ஏந்திக்கொண்டிருக்கிறான். எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாரும் இதைப் பார்த்து வேறு எதையும் நினைக்க முடியாது. பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

"சாமி வந்திருக்குடி!"

"எந்தச் சாமிடி இது? கருப்பசாமின்னா இந்நேரம் அருவா கேட்டிருக்குமே?"

"அய்யனாரா இருக்கும். அவுகதான் இம்புட்டு நிதானம்."

ஒரு பெண் என் காலடி மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினாள். திருநீறாக்கித் தர வேண்டுமாம். நான் பூசாரி. இரண்டு கையும் செல்போனில் மாட்டிக்கொண்டிருந்ததால் மறுக்கவும் வழியில்லை.

"சாமி, மழை எப்போ வரும்?" என்று கேட்டாள் முன்னால் நின்றவள்.

ராக்கெட்டு பாதியில் நிறுத்தக் கூடாது. உதட்டை மட்டும் அசைத்து, "பொறு" என்றார்.

"எங்க மகளுக்கு வரன் தட்டிக்கிட்டே போகுதே சாமி?"

"அவசரப்படாத."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை அவசரப்படுத்திய மனிதரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்க நான் ஒருவன் உயிரோடு இருந்தேன்.

அதன்பின் வேலைக்கு வந்த நாளெல்லாம் பெண்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட்டார்கள், மாதம் முடிவதற்குள் மழையும் கொட்டியது. ஐப்பசி மாதம், எப்படியும் கொட்டியிருக்கும். அதைச் சொல்ல நான் யார்? அடுத்த முறை நாங்கள் போனபோது கண்மாய்க் கரையில் எலுமிச்சை மாலை, சூடம், காலைக் கட்டிய ஒரு சேவல் எல்லாம் காத்திருந்தன. சேவலைப் பார்த்ததும் ராக்கெட்டு பயந்துபோய்க் காலை இறக்கிவிட்டார்.

"ஏம்மா, நான் சாமி இல்லம்மா. நான் ராக்கெட்டு. உங்க ஊருப் பக்கம் பஸ்ஸு ஓட்டினவன்."

கூட்டத்தில் ஒருத்தி முன்னால் வந்து உற்றுப் பார்த்தாள். "அட! எங்க அத்தையை ரோட்டுல விட்டுட்டுப் போன ஆளுல்ல நீங்க?"

ஒரு சாமிக்கு இவ்வளவு சீக்கிரம் பதவி போனதை நான் பார்த்ததில்லை. சூடம் மடிக்குள் போனது, சேவலின் கட்டு அவிழ்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு வயசான அம்மா குரல் கொடுத்தார். "சாமி இல்லேன்னாப் போகட்டும்டி. வேலை நடக்குற நாளெல்லாம் பக்தியா இவுகளைப் பாத்துப் பாத்து நானும் காலை மடக்கி நின்னேன்ல, எனக்கு மூட்டு வலி கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. நீங்க பாட்டுக்கு ஆடுங்கய்யா, நாங்களும் ஆடுறோம்."

அன்றிலிருந்து வேலைக்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்று ராக்கெட்டைப் பார்த்துச் செய்தார்கள். அவர் உறைந்தால் கண்மாயே உறைந்தது. அவர் குதித்தால் மண்சட்டிகள் குலுங்கின. வருகைப் பதிவுக்காக எடுத்த படத்தில் ஒரு ஊரே ஒற்றைக் காலில் நின்றது. அலுவலகத்தில் அதைப் பார்த்தவர் போன் போட்டு, அங்கே அப்படி என்ன வேலைதான் நடக்கிறது என்று கேட்டாராம்.

அந்தப் பரளச்சிக்காரப் பெண்ணுக்கு ராக்கெட்டின் மனைவி படுத்த படுக்கையாக இருப்பது தெரியவந்ததும், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலையில் பார்க்க வந்தாள். கட்டிலருகே நின்று, "அக்கா, அண்ணன் எங்களுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்குறாக தெரியுமா?" என்று செய்து காட்டினாள். மூன்று பேரும் கையை உயர்த்தினார்கள். காலைத் தூக்கினார்கள். உறைந்தார்கள். பிறகு ஒரே குதி.

மதினி சுவரிலிருந்து தலையைத் திருப்பினார். அவர் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத ஒன்று தெரிந்தது. கோபம்.

"இதையா சொல்லிக் குடுத்தாரு அந்த மனுசன்? ஏங்க! இங்க வாங்க!"

ராக்கெட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"செஞ்சு காட்டுங்க."

செய்தார். உறைந்தார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"இந்த எடத்துல நிக்கணும்ல?"

"எவ சொன்னா? அந்த அம்மா எங்கயும் நிக்க மாட்டாக. தண்ணி ஓடுற மாதிரிப் போய்க்கிட்டே இருக்கும். குதிக்கவும் மாட்டாக. நாசமாப் போச்சு, ஒரு ஊரையே கெடுத்து வச்சிருக்கீங்க! கையை எறக்குங்க. மெல்ல. ஒடம்புக் கனத்தை இந்தக் காலுக்குக் கொண்டாங்க."

"எந்தக் காலுக்கு?"

"எடது காலு."

வலது காலுக்குக் கொண்டுவந்தார்.

"எடதுங்கிறேன்!"

பதற்றத்தில் ராக்கெட்டு ஒரு குதி குதித்தார்.

"அட ராமா, தள்ளுங்க!" என்றார் மதினி. கட்டில் சட்டத்தைப் பிடித்தார். கால்களைக் கீழே இறக்கினார். எழுந்து நின்றார். பரளச்சிக்காரப் பெண் பிடிக்கப் போனாள், ராக்கெட்டு கண்ணாலேயே அவளைத் தடுத்தார். மதினி உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மெள்ள, அவ்வளவு மெள்ள மாற்றினார். பிறகு பாரம் இறங்கிய வலது காலை எடுத்து முன்னால் வைத்தார். "இப்பிடி. பூனை மாதிரி. தெரிஞ்சதா?"

சொன்ன பிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது. கை எதையாவது பிடிக்கத் தேடியது. ராக்கெட்டு வாக்கரில் காய்ந்த துண்டை உருவிப் போட்டுவிட்டு அதை முன்னால் நகர்த்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் மட்டும் யோக்கியம் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் சட்டையும் நனைந்திருந்தது.

இப்போது மதினி தெருக்கோடி வரை வாக்கர் இல்லாமல் போகிறார். பிசியோதெரபிப் பெண் பாராட்டிவிட்டு, விடாமல் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். காலையில் அவர்கள் வீட்டு வாசலில் பாடம் நடக்கிறது. மதினி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார். ராக்கெட்டு தப்பாகச் செய்வார். மதினி எழுந்து வந்து செய்து காட்டுவார். திரும்பப் போய் உட்கார்வதற்குள் அடுத்த தப்பு. "இந்த மனுசனுக்கு இந்தப் பிறவியில வராது" என்று மறுபடி எழுந்து வருவார்.

போன வாரம் நான் சீக்கிரமே போய்விட்டேன். மதினி உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். ராக்கெட்டு வாசலில் தனியாக, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், முதலிலிருந்து கடைசி வரை செய்துகொண்டிருந்தார். எங்கும் நிற்கவில்லை. குதிக்கவில்லை. தண்ணீர் ஓடுவது போலவே இருந்தது.

"என்னண்ணே, இம்புட்டு அழகா வருதே! அப்புறம் ஏன் தினமும் ஏச்சு வாங்குறீங்க?"

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதலே. நான் சரியாச் செஞ்சுட்டா அவ எந்திரிக்க மாட்டா."

மதினி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ம், ஆரம்பிங்க" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ராக்கெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் தப்பான காலைத் தூக்கினார். நானும் அதே காலைத் தூக்கினேன்.